இந்த வருஷம் வெளியே போற நம்ம பாஸ்கெட்பால் சீனியர்களுக்கு – அவங்கவங்க பார்த்ததை எழுதுங்க

கெடிலக்கரையான் எழுதியது:

ஏப்ரல் பாதி வந்தாச்சு. செமஸ்டர் முடிஞ்சா நம்ம கடலூர் காலேஜ் பசங்க டீம்ல அஞ்சு பேர் வெளியே போறாங்க. 4, 7, 9, 12, 14. பேர் போட வேணாம், நம்பரே போதும். கிரவுண்டு சுவத்துல உக்காந்து பார்க்கிற நமக்கெல்லாம் அவங்க நம்பராத்தான் தெரியும்.

கப்பு கிடையாது. மூணு வருஷத்துல ஒரே ஒரு செமி, அதுவும் ஒரு பாயின்ட்ல போச்சு. ஆண்டு மலர்ல ஒரு குரூப் போட்டோ வந்தா பெருசு. அதனாலதான் இந்த இழை.

இவங்க 2022-ல சேர்ந்த பேட்ச். 2020-ல பத்தாவது ஆல் பாஸ், மறுவருஷம் பதினொண்ணுலயும் ஆல் பாஸ். பாடத்துக்கு ஆல் பாஸ் போடலாம், ரிங்குல பட்டுத் திரும்புற பந்தைப் புடிக்கிற ரிபவுண்டுக்கு யாரு போடுறது? ஸ்கூல் டீம்ல ஆடிப் பழக வேண்டிய ரெண்டு வருஷமும் செல்போன்ல ஆன்லைன் கிளாஸ். இங்க வந்து பார்த்தா இங்கயும் அதே கதை. ஆடத் தெரிஞ்ச சீனியருங்க லாக்டவுன்லயே டிகிரி வாங்கிட்டுக் கிளம்பியாச்சு. ரிங் ரெண்டும் உப்புக்காத்துல துரு புடிச்சு ஒரு பக்கமா தொங்கிட்டிருந்துச்சு.

நம்ம காலேஜ்ல பாஸ்கெட்பாலுக்குன்னு தனிக் கோச் கிடையாது. பி.டி. சார் ஒருத்தர், கபடி, வாலிபால், அத்லெடிக்ஸ் எல்லாமே அவர் தலையிலதான். ஆட்டத்தைச் சொல்லித் தர்றது மூணாம் வருஷம் ரெண்டாம் வருஷத்துக்கு, ரெண்டாம் வருஷம் முதல் வருஷத்துக்கு. அந்தக் கயிறு நடுவுல அறுந்து போயிருந்துச்சு. முடிச்சுப் போட்டது இந்த அஞ்சு பேரு. என்னைப் பொறுத்தவரை கப்பை விட அது பெருசு.

எழுதுங்கப்பா.

சில்வர்பீச் எழுதியது:

முதல் ஆளா நான் 12-க்குப் போடுறேன். மொத்தமா அவன் கோர்ட்டுல நின்ன நேரம் கம்மி. ஆனா ஸ்கோர் ஷீட் எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். எவனுக்கு எத்தனை ஃபவுல், டீம் ஃபவுல் எத்தனை ஆச்சு, டைம் அவுட் எத்தனை மிச்சம், கேட்ட உடனே சொல்லுவான். 24 செகண்டுக்குள்ள ஷாட் விடணும்ல, அதுக்கான கடிகாரம் நம்ம கோர்ட்டுல ஏது? பென்ச்ல உக்காந்துகிட்டு வாயாலயே எண்ணுவான். "எட்டு... ஏழு... ஆறு..."ன்னு அவன் கத்துறது ரோட்டு டீக்கடை வரைக்கும் கேக்கும். ஒரு தடவை எதிர் டீம் பையன் அவன் எண்ணுறதை நம்பி அவசரமா ஷாட் விட்டுட்டான். எண்ணினது ரெண்டு செகண்ட் முன்னாடியே முடிஞ்சிருச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

விசில் எழுதியது:

எல்லாம் சரி. ஆளாளுக்கு மாலை போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். சிதம்பரத்துல செமி, கடைசி ரெண்டு செகண்ட், 7 லைன்ல நிக்கிறான், யாரும் மறிக்காம போடுற ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு விழுந்தா ஓவர்டைம், ரெண்டும் விழுந்தா ஃபைனல். ரெண்டையும் விட்டான். மூணு வருஷமா ஸ்டாருன்னு தூக்கி வச்சு ஆடுனோம். பாராட்டணும்னா பாராட்டுங்க, ஆனா நடந்ததையும் சேர்த்து எழுதுங்க.

பண்ருட்டி பலா எழுதியது:

வந்துட்டாருய்யா. பாஸ் நீங்க கடைசியா பந்தைத் தொட்டது எப்போ?

விசில் எழுதியது:

தொட்டா என்ன தொடலன்னா என்ன? படம் பார்த்துட்டு நல்லா இல்லைன்னு சொல்ல நான் டைரக்டரா இருக்கணுமா?

பழைய 4-ம் நம்பர் எழுதியது:

தம்பிகளா, சண்டை வேண்டாம். நான் அந்த மேட்சுக்கு நேரில் வந்திருந்தேன். விசில் சொல்வது உண்மை, ஆனால் பாதி உண்மை.

7 எப்படி லைனுக்கு வந்தான் என்பதைப் பாருங்கள். அந்த குவார்ட்டரில் எதிரணிக்கு ஏற்கெனவே நாலு டீம் ஃபவுல் ஆகிவிட்டது. அஞ்சாவதிலிருந்து எந்த ஃபவுலுக்கும் ரெண்டு ஃப்ரீ த்ரோ. அதைத் தெரிந்துகொண்டு, ஷாட்டுக்கு நேரம் இல்லை என்றதும் ஆளை நோக்கி டிரிபிள் செய்துகொண்டு போய் அந்த ஃபவுலை வாங்கினான். சாதாரணப் பையனாக இருந்தால் பாதி கோர்ட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எறிந்திருப்பான். நாமும் "பாவம், முயற்சி பண்ணினான்" என்று சொல்லியிருப்போம்.

இன்னொன்று. 14 அஞ்சாவது ஃபவுலில் வெளியே போனபின் கடைசி குவார்ட்டர் முழுக்க 7 கீழே ரிங்குக்குப் பக்கத்தில் போஸ்ட்டிலும் நின்றான், மேலே பந்தும் கொண்டுவந்தான். கால் செத்துப் போயிருந்தது. ஃப்ரீ த்ரோ கையால் போடுவதில்லை, முழங்காலால் போடுவது. ரெண்டும் ரிங்கின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. காலில் வலு இல்லாதவன் போட்டால் அப்படித்தான் குறையும்.

என் காலத்தில் ஜெர்சி நம்பர் 4-லிருந்து 15 வரைதான். 1, 2, 3 கிடையாது. ரெஃப்ரி விரலில் காட்டும்போது குழப்பம் வரும் என்பதற்காக. இப்போது 0, 00 முதல் 99 வரை போடலாம் என்று விதி மாறிவிட்டது. ஆனாலும் நம் பையன்கள் அந்தப் பழைய 4–15 செட்டையே வைத்திருக்கிறார்கள். மரபு என்று நினைக்க வேண்டாம், புது செட் வாங்கப் பணம் இல்லை.

விசில் எழுதியது:

முழங்கால் விஷயம் ஒத்துக்கிறேன் சார். மாலை போடுங்க. ஆனா ஃப்ரீ த்ரோ பிராக்டீஸ் வேணும்னு ஜூனியருக்கு யாராச்சும் சொல்லுங்க.

ஜூனியர் 11 எழுதியது:

அண்ணா, நான் முதல் வருஷம். இங்க எழுதலாமா தெரியல. 14 அண்ணனைப் பத்தி மட்டும் எழுதுறேன்.

அவர் உயரம் அஞ்சடி பத்து. ரிங் கீழ நிக்கிற சென்டரா ஆடுறதுக்கு அது பத்தாது. எதிர்ல எப்பவும் ஆறடிக்கு மேலதான் வருவானுங்க. சேர்ந்த புதுசுல நான் ஷாட் போனதும் பந்தையே பார்த்துக்கிட்டு ரிங் கீழ ஓடுவேன். அண்ணன் ஒரு நாள் என் காலரைப் புடிச்சு நிறுத்தி, "பந்து எங்கயும் போகாது, கீழ வந்துதான் ஆகணும். நீ ஆளைத் தேடு"ன்னாரு. ஷாட் போன உடனே திரும்பி, எதிர் ஆளோட நெஞ்சுல நம்ம முதுகை வைக்கணும். இடுப்பைக் கீழ இறக்கி, கையை அகட்டி, அவன் தொடை எங்க நகருதுன்னு நம்ம பின்பக்கமே சொல்லும். அப்புறம்தான் மேல பார்க்கணும். அவர் அதிகம் குதிக்கவே மாட்டாரு. எதிராளி குதிக்க இடமில்லாம பண்ணிடுவாரு.

பந்தே இல்லாம இதை மட்டும் மாசக்கணக்குல சொல்லிக் கொடுத்தாரு. போர் அடிக்கும், சத்தியமா. இப்போ யாராவது ஷாட் விட்டா என் உடம்பு தானா திரும்புது.

இன்னொண்ணு: நம்ம ஷாட் ரிங்குல பட்டு நம்ம கைக்கே ரிபவுண்ட் வந்தா புதுசா 24 செகண்ட் கிடையாது, 14 தான்னு எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். "அவசரப்படாத, 14 செகண்ட் ரொம்ப நேரம்"னு சொல்லுவாரு.

கெடிலக்கரையான் எழுதியது:

தம்பி, எழுதலாமான்னா கேக்குற? இதுக்குத்தான் இழையே.

பாண்டி605 எழுதியது:

எதிர்க்கட்சி வந்திருக்கேன், வழி விடுங்க.

உங்க ஊர்க்காரங்க எங்க ஊருக்கு எதுக்கு வருவாங்கன்னு உலகத்துக்கே தெரியும். முள்ளோடை பார்டர் தாண்டினா போதும், முகமே பிரகாசம் ஆயிடும். அந்த பஸ்ல பந்தோட வந்து எறங்கின ஒரே கூட்டம் உங்க டீம்தான். ஞாயித்துக்கிழமை எங்க ஊர் உப்பளம் கிரவுண்டுல நாங்க ஆடும்போது, ஃப்ரெண்ட்லி மேட்ச் கிடைக்குமான்னு அவங்களே கேட்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி உங்க காலேஜ்ல இருந்து யாரும் அப்படி வந்து நான் பார்த்ததில்ல. முதல் மேட்ச் நாங்க போட்டு நொறுக்கினோம். ரெண்டாவதும்தான். அப்புறம் 9-ன்னு ஒருத்தன், பந்தை மேல கொண்டு போற எங்க பாயின்ட் கார்டைப் புடிச்சுக்கிட்டான். முழு கோர்ட்டும் விடமாட்டேன்றான். எட்டு செகண்டுக்குள்ள பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டு போகணும்ல, எங்க ஆளால முடியல. ஒரு குவார்ட்டருக்குள்ள ரெண்டு தடவை விசில். எங்க ஆளு மேட்ச் முடிஞ்சு அவன்கிட்ட போய், "இன்னாபா, சோறு திங்கிறியா இல்லையா"ன்னு கேட்டான்.

தோத்தாலும் ஜெயிச்சாலும் கடைசியில எங்களோட உக்காந்து டீ குடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. 4 மட்டும் எங்க பசங்க ஆடுன, ஆளைப் புடிக்காம இடத்தைக் காக்கிற ஸோன் டிஃபென்ஸை நோட்டுல வரைஞ்சு எடுத்துக்கிட்டு போவான். போற பஸ்லயே மத்தவங்களுக்குப் பாடம் நடக்கும்னு கேள்வி.

நெய்வேலி லைட்டு எழுதியது:

9 பத்தி நானும் ஒண்ணு சொல்றேன். அவன் வீடு தென்பெண்ணைக் கரையோரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையைக் கடந்துச்சு. மழை விட்டுச்சுன்னு நாம மூச்சு விடுறதுக்குள்ள சாத்தனூர் அணையில ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்துட்டாங்க. ஆறு ஊருக்குள்ள வந்துச்சு. அவன் வீட்டுல புத்தகம், துணி, ஷூ எதுவும் மிஞ்சல.

டீம் மொத்தமும் அங்க போய் வீட்டு வீடா சேறு அள்ளுச்சு. கோர்ட்டைப் பத்தி ஒருத்தனும் பேசல. அதுவும் முழங்கால் தண்ணியிலதான் கிடந்துச்சு. எல்லாம் முடிஞ்சு வந்து, வண்டல் காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்த சிமென்ட் தரையை மண்வெட்டியால சுரண்டி, வெளக்கமாறு போட்டு, கோட்டைப் புதுசா பெயின்ட் அடிச்சானுங்க. டேப் வச்சு அளந்து மூணு பாயின்ட் கோடு 6.75 மீட்டர்னு சரியா போட்டது 12. பழைய கோடு 6.25-ல இருந்துச்சுன்னு அப்பதான் தெரிஞ்சுது! விதி மாறினது 2010-ல. அது வரைக்கும் அத்தனை பேட்சும் கிட்ட நின்னு போட்டுட்டு "த்ரீ, த்ரீ"ன்னு குதிச்சிருக்கோம்.

9 திரும்பி வந்தப்போ காலுல 14-ஓட பழைய ஷூ. ஒரு சைஸ் பெருசு. உள்ள பேப்பர் வச்சுக்கிட்டு ஆடுனான். அதோடதான் சிதம்பரம் வரைக்கும் போனான்.

தி.பாப்புலியூர் பொண்ணு எழுதியது:

எல்லாத்தையும் படிச்சேன். நல்லாருக்கு. ஒரு சந்தேகம்: நம்ம காலேஜ்ல பொண்ணுங்க டீம்னு ஒண்ணு இருக்கே, தெரியுமா? அதுலயும் ரெண்டு சீனியர் போறாங்க. 5, 10. இழை தலைப்புல "நம்ம பாஸ்கெட்பால் சீனியர்கள்"னுதான் இருக்கு. உள்ள வந்தா பசங்க மட்டும்.

சாயங்காலம் கோர்ட்டு பசங்களுக்கு. எங்களுக்குக் காலையில ஆறு மணி. சுவத்துல உக்காந்து பார்க்க அப்போ ஒருத்தரும் இருக்க மாட்டீங்க, அதனால உங்களுக்குத் தெரியாதது ஆச்சரியமில்ல. ஆறு மணி பஸ் இல்லாத ஊர்ல இருந்து வர்ற ரெண்டு பேருக்காக 10 அக்கா தன் வீட்டுலயே படுக்க இடம் கொடுத்தாங்க, பரீட்சை மாசம் தவிர வருஷம் பூரா.

பந்து விஷயமும் சொல்லணும். பசங்களுக்கு 7-ம் சைஸ், பொண்ணுங்களுக்கு 6. சுத்தளவுல மூணு நாலு சென்டிமீட்டர் வித்தியாசம், எடையிலயும் குறைவு. காலேஜ்ல இருந்தது 7 மட்டும். அதுலயே பழகிட்டு போட்டிக்குப் போய் 6-ஐக் கையில வாங்கினா எல்லா ஷாட்டும் போர்டுக்கு மேல பறக்குது. முதல் வருஷம் நாங்க தோத்ததுக்குப் பாதிக் காரணம் அதுதான். 5 அக்கா பழைய மாணவிங்க நம்பரெல்லாம் தேடிப் புடிச்சு ஒவ்வொருத்தரா பேசி ரெண்டு பந்து வாங்கினாங்க. அந்த ரெண்டையும் யாரும் அசால்ட்டா வச்சுடக் கூடாதுன்னு தினம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மறுநாள் கொண்டு வருவாங்க.

அனிதா பால்துரை சென்னைப் பொண்ணு. 19 வயசுல இந்திய டீம் கேப்டன், 2021-ல பத்மஸ்ரீ. அவங்க வீடியோவை 5 அக்கா செல்போன்ல நிறுத்தி நிறுத்திப் போட்டு கால் எப்படி வைக்கிறாங்கன்னு காட்டுவாங்க. எங்களுக்குக் கோச் அந்த செல்போன்தான்.

கெடிலக்கரையான் எழுதியது:

நியாயமான கேள்விம்மா. சாயங்காலம் மட்டும் வந்து உக்கார்றோம், அவ்ளோதான் எங்க ரசிகத்தனம். 5, 10 பத்தி இன்னும் தெரிஞ்சவங்க எழுதுங்க. முதல் பதிவுல அவங்க நம்பரையும் சேர்த்துடுறேன்.

சில்வர்பீச் எழுதியது:

10-ஐ ஒரு தடவை பார்த்திருக்கேன், பைபாஸ் வேலைக்குப் போற வழியில. அந்த நேரத்துலயே கிழக்குக்காத்து குறுக்க அடிச்சுக்கிட்டிருந்துச்சு. நேர் ஷாட் எல்லாம் ஆடிப் போகுது. அந்தப் பொண்ணு சைடுல சாய்வா நின்னுக்கிட்டு போர்டுல இருக்கிற சின்னக் கட்டத்தோட மேல் மூலையில மட்டும் அடிச்சுது. ஒண்ணு மாத்தி ஒண்ணு உள்ள. நம்ம 7 இன்னும் அதைக் கத்துக்கல.

விசில் எழுதியது:

பார்த்தீங்களா, நான் சொன்னா மட்டும் கோவம்.

துபாய்607 எழுதியது:

ரெண்டு வருஷம் அமெரிக்காவுல படிச்சேன், அதை வச்சு சொல்றேன். அங்க டிகிரி நாலு வருஷம். சீசன்ல காலேஜோட சொந்த அரங்குல நடக்கிற கடைசி மேட்சை "சீனியர் நைட்"னு வைப்பாங்க. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெளியே போற ஒவ்வொருத்தரையும் அப்பா அம்மாவோட கோர்ட் நடுவுல கூப்பிட்டு, பூங்கொத்து கொடுத்து, மொத்த அரங்கும் எழுந்து நின்னு கைதட்டும். அதிகம் ஆடாத பையனைக் கூட அன்னிக்கு முதல் அஞ்சுல இறக்குற கோச்சுங்க உண்டு. கொரோனா சீசனைக் கணக்குல சேர்க்காம, அங்க காலேஜ் விளையாட்டை நடத்துற என்.சி.ஏ.ஏ. எல்லாருக்கும் ஒரு வருஷம் கூடக் கொடுத்துச்சு. நம்ம பசங்களுக்கு யாரு கொடுத்தா?

நம்மகிட்ட ஏன் இந்தப் பழக்கம் வரலன்னு யோசிச்சா, நமக்கு சொந்த ஊர் மேட்சுன்னே ஒண்ணு கிடையாது. ஏதோ ஒரு ஊர்ல மூணு நாள் நாக்-அவுட், தோத்த அன்னிக்கே பஸ். எது கடைசி மேட்சுன்னு தோத்தப்புறம்தான் தெரியும். வீட்டுல இருக்கிறவங்க ஒரு மேட்சும் பார்த்திருக்க மாட்டாங்க.

பண்ருட்டி பலா எழுதியது:

7-ஓட அம்மா முதுநகர் துறைமுகத்துல மீன் விக்கிறவங்க. எனக்குத் தெரியும், எங்க அம்மா அவங்ககிட்டதான் வாங்குவாங்க. "உங்க பையன் நல்லா ஆடுறானாமே"ன்னு எங்கம்மா கேட்டதுக்கு, "ஆடுறான், சர்ட்டிபிகேட்டு குடுப்பாங்களா?"ன்னு கேட்டாங்களாம்.

பழைய 4-ம் நம்பர் எழுதியது:

அவர்கள் கேட்டது சரியான கேள்வி. 7 பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி இன்டர்-யுனிவர்சிட்டி ஆடியிருக்கிறான். அதற்கு ஃபார்ம் 3 என்ற சான்றிதழ் உண்டு. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது, ரயில்வே, வங்கி ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் இருக்கிறது. எந்த ஃபார்மை எங்கே ஏற்பார்கள் என்பது வேலைக்கு வேலை மாறும், அறிவிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பல்கலைக்கழகத்தின் கையெழுத்தும் முத்திரையும் டிகிரி வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அப்புறம் அலைய விடுவார்கள். தம்பி, இதை அவனிடம் யாராவது இந்த வாரமே சொல்லுங்கள். பாராட்டை விட இது அவசரம்.

ஜூனியர் 11 எழுதியது:

சார், அது 4 அண்ணன் ஏற்கெனவே பண்ணிட்டாரு. ஃபார்மை அவரே டைப் அடிச்சு எடுத்துட்டுப் போனாரு. எங்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கித் தந்ததும் அவர்தான். மேட்சுக்குப் போன நாளெல்லாம் ஆப்சென்ட் போட்டு 75 சதவீதம் குறைஞ்சு, ஹால் டிக்கெட் வராம நாலு பேரு முழிச்சோம். அவர் ஒவ்வொரு டிபார்ட்மென்டா ஏறி இறங்கி லெட்டர் வாங்கிக் கொடுத்தாரு. ஒரு எச்.ஓ.டி. "பந்து விளையாடுறவனுக்கு என்னப்பா அட்டெண்டன்ஸ்"னு கேட்டப்போ கூட சிரிச்சுக்கிட்டே நின்னாரு. வெளிய வந்துதான் திட்டினாரு.

துபாய்607 எழுதியது:

அப்போ நாமளே ஒரு மேட்ச் வைப்போம். வீட்டுக்காரங்களையும் கூப்பிடுவோம். ஷூ செலவு என்னுது. 9-க்கு சைஸ் என்னன்னு யாராவது கேட்டு சொல்லுங்க. தனியா அவனுக்கு மட்டும் கொடுத்தா வாங்க மாட்டான், ஏழு பேருக்கும் வாங்கிடலாம்.

தி.பாப்புலியூர் பொண்ணு எழுதியது:

கலந்து ஆடலாம். முதல் பாதி 6-ம் சைஸ் பந்து, ரெண்டாம் பாதி 7. பசங்க கஷ்டம் என்னன்னு எங்களுக்குத் தெரியும், எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியட்டும்.

கெடிலக்கரையான் எழுதியது:

நல்ல ஐடியா. கடைசி பரீட்சை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. அதுக்கு முன்னாடி வச்சா ஏப்ரல் வெயில்ல சிமென்ட்ல கால் வைக்க முடியாது. பி.டி. சார்கிட்ட பேசிட்டேன், கிரவுண்டு தர்றேன்னுட்டாரு. தண்ணி கேன், வாழைப்பழம் என் பொறுப்பு. மைக் வேணாம், எண்றதுக்கு 12 இருக்கான்.

துறைமுகத்துக்கு யாராவது வண்டி எடுத்துட்டுப் போய் 7-ஓட அம்மாவைக் கூட்டிட்டு வரணும். அஞ்சு மணிக்கு அவங்களுக்கு வேலை முடிஞ்சிருக்கும்.

பண்ருட்டி பலா எழுதியது:

அது நான் பார்த்துக்கிறேன்.

விசில் எழுதியது:

ரெஃப்ரி நான். விதிப்புத்தகம் படிச்சுட்டு வர்றேன்.

பாண்டி605 எழுதியது:

எதிர் டீம் வேணாமா? பத்து பேரோட வர்றோம். சாப்பாடு உண்டுன்னா பதினைஞ்சு.

கெடிலக்கரையான் எழுதியது:

வாங்க வாங்க. நாலு மணி பஸ்ஸைப் புடிங்க, ஞாயித்துக்கிழமை அரியாங்குப்பம் தாண்டுறதுக்கே நேரம் ஆகும். வரும்போது பந்துக்குக் காத்தடிக்கிற பம்ப் எடுத்துட்டு வாங்க, எங்களோடது ஊசி உடைஞ்சு கிடக்கு.